வெள்ளைப் படலமும் ஐந்து நாள் மருந்தும்

டான்சில் அறுவை முடிந்து வீடு திரும்பும் ஏழு வயதுக் குழந்தையின் கையில் ஐஸ்கிரீம் இருக்கும். தந்தையின் கையில் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டின் முதல் வரி நாட்டின் பல மருத்துவமனைகளில் ஏறத்தாழ ஒன்றே. அமாக்சிசிலின்-கிளாவுலனேட், அல்லது செஃபிக்சைம், அல்லது அசித்ரோமைசின். ஐந்து நாள், சில இடங்களில் ஏழு நாள். அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று தந்தை கேட்பதில்லை. எழுதிய முதுநிலை மாணவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு முன் அதே வார்டில் பணியாற்றியவர் அவ்வாறு எழுதினார். அவருக்கு அவருடைய மூத்தவர் அவ்வாறு கற்றுக்கொடுத்தார். மருத்துவக் கல்வியில் பாடநூலைவிட நீண்ட ஆயுள் கொண்டது வார்டின் வழக்கம்.

அந்த முதல் வரியை அடித்துவிட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். டான்சில் அறுவைக்குப் பின் வழக்கமாக எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் வலியைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதாகச் சான்று இல்லை. இரத்தக்கசிவைத் தடுப்பதாகவும் சான்று இல்லை. அது உறுதியாகத் தணிப்பது எழுதுபவரின் அச்சத்தை மட்டுமே. அச்சம் கொள்ள மருத்துவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவருடைய அச்சத்துக்கான மருந்தைக் குழந்தை ஏன் விழுங்க வேண்டும்?

இத்தனை பெரிய நாட்டில், ஒரு சிறிய அறுவையின் ஐந்து நாள் மருந்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்ற வினா எழலாம். பேசத்தான் வேண்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் முதியவருக்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்பது கடினமான முடிவு; அங்கே நேரமும் இல்லை, ஆய்வக முடிவும் இல்லை. டான்சில் அறுவை அப்படிப்பட்டதன்று. அது நாள் குறித்துச் செய்யப்படுவது; நலமாயிருக்கும் குழந்தைக்குச் செய்யப்படுவது; இந்தக் கேள்விக்கான சான்றும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொகுக்கப்பட்டுவிட்டது. எளிதான இந்த இடத்திலேயே பேனாவை நிறுத்த இயலாத மருத்துவம், கடினமான இடத்தில் எவ்வாறு நிறுத்தப் போகிறது?

முதலில் அந்தக் காயத்தின் இயல்பைப் பார்க்கலாம். டான்சிலை அகற்றிய இடம் பொதுவாகத் தையலிட்டு மூடப்படுவதில்லை. தொண்டையின் இருபுறமும் இரண்டு திறந்த பள்ளங்கள் எஞ்சுகின்றன. ஒரு நாளுக்குள் அவற்றின் மேல் ஃபைப்ரின் படிந்து, வெண்மையான அல்லது மஞ்சள் கலந்த ஒரு படலம் மூடுகிறது. முழங்கால் சிராய்த்தால் பொருக்குக் கட்டுகிறதே, அதன் ஈரமான வடிவம் இது. வாய்க்குள் உலர வழியில்லாததால் பொருக்கு கறுக்காமல் வெளுத்து நிற்கிறது. பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அது உதிர்கிறது. அடியில் புதிய திசு வளர்ந்திருக்கிறது. பிந்தைய இரத்தக்கசிவு நேருமானால், பெரும்பாலும் இந்த உதிர்வுக் காலத்தில்தான் நேர்கிறது.

கைபேசி விளக்கை அடித்துக் குழந்தையின் தொண்டையைப் பார்க்கும் தாய்க்கு இந்த விளக்கம் எதுவும் சொல்லப்பட்டிருக்காது. அவர் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை. மூக்குக்குத் தெரிவது நாற்றம். கைக்குத் தெரிவது முதல் இரண்டு நாள் காய்ச்சல். "சீழ் பிடித்துவிட்டது" என்று அவர் முடிவு செய்வதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், மருத்துவமும் அதே முடிவைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான். அறுவையால் திசு காயப்பட்டதற்கும், விழுங்க வலிப்பதால் நீர் குறைந்ததற்கும் உடல் காட்டும் எதிர்வினையாகத் தொடக்க நாள் காய்ச்சல் வரலாம். படலம் ஆறுதலின் அடையாளம். நாற்றம், அந்தப் படலத்தில் வாய்வாழ் நுண்ணுயிர்கள் செயல்படுவதன் விளைவு. இவற்றில் எதுவும் தானாகத் தொற்றைக் குறிப்பதில்லை. ஆயினும் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பாட்டில் சிரப் எழுதப்படுகிறது.

அந்த மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு மருத்துவத்தில் இரண்டே நியாயங்கள் உண்டு: ஒன்று தடுப்பு, மற்றொன்று சிகிச்சை.

தடுப்பு என்றால் அதற்கென்று ஓர் அறிவியல் இருக்கிறது. 1961இல் ஜான் பர்க் கினிப்பன்றிகளில் செய்த பரிசோதனைகள் அதற்கு அடித்தளமிட்டன. நுண்ணுயிர் திசுவுக்குள் நுழையும் வேளையில் மருந்து அங்கே ஏற்கெனவே இருந்தால்தான் பலன் மிகுதி. சில மணி நேரம் கழிந்த பின் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம் என்று அவை காட்டின. 1992இல் அமெரிக்காவில் 2,847 அறுவை நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வும், கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுக்கே காயத் தொற்று மிகக் குறைவு என்று கண்டது. உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டு நெறி, தடுப்பு மருந்தை அறுவை முடிந்த பின் நீட்டிக்க வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. ஆகவே, அறுவைக்குப் பின் ஐந்து நாள் கொடுக்கும் மருந்தைத் தடுப்பு என்று அழைக்க அறிவியல் இடம் தரவில்லை.

சிகிச்சை என்றால் நோய் வேண்டும். எந்தத் தொற்றுக்குச் சிகிச்சை? எந்த நுண்ணுயிரி? எந்த அறிகுறி? சீட்டு எழுதப்படும் வேளையில் குழந்தைக்குத் தொற்று எதுவும் இல்லை. இல்லாத நோய்க்குச் சிகிச்சை இருக்க முடியாது. தடுப்பும் ஆகாமல் சிகிச்சையும் ஆகாமல் எஞ்சுவது வெறும் சடங்கு. காப்புக் கட்டுவதைப் போன்ற ஒரு சடங்கு. ஆனால் காப்புக் கயிற்றால் வயிற்றுப்போக்கு வருவதில்லை.

இந்த வழக்கம் காரணமின்றிப் பிறந்தது என்று சொல்வது நியாயமாகாது. 1986இல் அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களுக்குக் காய்ச்சலும் வாய் நாற்றமும் குறைவாக இருந்ததாகவும், அவர்கள் விரைவில் இயல்பாக உண்ணத் தொடங்கியதாகவும் தெரிவித்தது. அன்றைய மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொண்டதில் தவறில்லை. கையிலிருந்த சான்று அது. தவறு, அதற்குப் பின் வந்தவற்றைப் படிக்காததில் இருக்கிறது.

பின்னர் வந்த சமவாய்ப்பு ஆய்வுகள் காக்ரேன் அமைப்பின் முறைசார் தொகுப்பாய்வாக 2008இல் வெளிவந்து, 2010இலும் 2012இலும் புதுப்பிக்கப்பட்டன. குழந்தைகளும் பெரியவர்களுமாக 1,035 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகள் அதில் இடம்பெற்றன. முடிவு தெளிவானது. வலியிலோ, வலி நீக்கிகளின் தேவையிலோ, பிந்தைய இரத்தக்கசிவிலோ ஆன்டிபயாட்டிக் சீரான, பொருட்படுத்தத்தக்க பலன் எதையும் தருவதாகச் சான்று இல்லை. காய்ச்சல் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைச் சொல்லிய தொகுப்பாய்வே, உள்ளடங்கிய ஆய்வுகளின் குறைபாடுகள் ஆன்டிபயாட்டிக்குக்குச் சாதகமாகவே சாய்ந்திருக்க வாய்ப்புண்டு என்றும் எச்சரித்தது. தராசு மருந்தின் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தும் மருந்து எடை காட்டவில்லை என்பது இதன் பொருள். வழக்கமாக எழுத வேண்டாம் என்றே அது முடித்தது.

ஸ்காட்லாந்தின் அறுவைத் தடுப்பு மருந்து வழிகாட்டு நெறி 2008இலேயே டான்சில் அறுவைக்கு ஆன்டிபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அமைப்பு 2011இல் குழந்தைகளுக்கான டான்சில் அறுவை நெறியை வெளியிட்டபோது, வழக்கமான ஆன்டிபயாட்டிக் கூடாது என்பதை மிக வலுவான பரிந்துரை வகையில் வைத்தது. 2019இல் புதுப்பித்தபோதும் அதை மாற்றவில்லை. முதல் நெறி வெளிவந்த பின் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் இம்மருந்தின் பயன்பாடு குறைந்தது. வழக்கம் மாறக்கூடியது என்பதற்கு அது ஒரு சான்று.

விதிவிலக்குகளை மறைக்கும் வாதம் நேர்மையான வாதமாகாது. டான்சிலைச் சூழ்ந்து சீழ்க்கட்டி உள்ளவருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். அங்கே நோய் இருக்கிறது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர், முன்பு இதய உள்ளுறைத் தொற்றுக்கு ஆளானவர் போன்ற மிகு இடர் கொண்டோருக்கு அறுவைக்கு முன் ஒற்றை வேளை தடுப்பு மருந்து நியாயமானது. வாதக்காய்ச்சலுக்காகப் பெனிசிலின் ஊசி தொடர்ந்து பெறும் குழந்தை அதைத் தொடர வேண்டும். இந்தியாவில் இது சிறிய எண்ணிக்கையன்று. அறுவைக்குப் பின் மெய்யாகவே தொற்று தோன்றினால் அப்போது சிகிச்சை அளிக்க வேண்டும். ஆனால் விதிவிலக்குகள் பெயர் சொல்லி, காரணம் எழுதிக் கொடுக்கப்படுபவை. எல்லோருக்கும் ஒரே வரியாக எழுதப்படுவது விதிவிலக்கு ஆகாது. மற்றொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும்: இந்த வாதம் எழுதுபவரை நோக்கியது. பெற்றோர் தாமாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று இது சொல்லவில்லை; அவர்கள் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதலாவதும் மிகப் பழையதும் இது: "அதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இந்தியச் சூழல் வேறு." வெயில், தூசு, குடிநீர், ஊட்டக்குறைவு, நெரிசலான வார்டு என்று பட்டியல் நீளும். இந்த மறுப்பில் ஒரு மெய் இருக்கிறது. நோயாளி எந்தச் சூழலில் வாழ்கிறார் என்பது முக்கியம். ஆனால் டான்சில் பள்ளம் எந்த நாட்டிலும் நுண்ணுயிரற்ற காயமாக இருந்ததில்லை. உமிழ்நீர் ஸ்காட்லாந்திலும் நுண்ணுயிர்க் கடல்தான், சோலாப்பூரிலும் நுண்ணுயிர்க் கடல்தான். அதையும் மீறி இந்தியத் தொண்டை வேறுபட்டது என்றால், அதை மெய்ப்பிக்கும் கடமை மருந்து எழுதுபவருடையது. சூழல் வேறு என்பது ஆய்வு செய்வதற்கான காரணம். ஆய்வைத் தவிர்ப்பதற்கான சாக்கு அன்று. மேலும், மயக்க மருந்தின் அளவையும், அறுவைக் கருவியையும், டெக்சாமெத்தசோன் ஊசியையும் வெளிநாட்டு ஆய்வுகளை நம்பியே ஏற்றுக்கொண்ட துறை, ஆன்டிபயாட்டிக்கை விடச் சொல்லும்போது மட்டும் எல்லைக்கோட்டை நினைவுகூர்வது விந்தை.

இரண்டாவது மறுப்பு: "ஐந்து நாள் மருந்தால் என்ன கெட்டுவிடும்?" அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம், தோலில் தடிப்பு வரலாம், அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். விழுங்கவே வலிக்கும் தொண்டையில் நாளுக்கு இரண்டு மூன்று முறை தேவையற்ற ஒரு மருந்தைத் திணிப்பதும் துன்பமே. ஆனால் பெரிய விலையை அந்தக் குழந்தை கொடுப்பதில்லை. அதை வேறொரு குழந்தை கொடுக்கிறது.

தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் குருதித் தொற்றைப் பற்றிய விரிவான ஆய்வு 2016இல் வெளிவந்தது. அங்கே கண்டறியப்பட்ட அசினெட்டோபாக்டர் நுண்ணுயிரிகளுள் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு எதிர்ப்புக் கொண்டவை. கிளெப்சியெல்லாவில் 54 விழுக்காடு. பிறந்து சில நாளே ஆன உயிர், தன் வாழ்வில் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக்கும் உண்டிராத உயிர், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரியோடு போராடுகிறது. அந்த எதிர்ப்பை அது உருவாக்கவில்லை. அது பிறப்பதற்கு முன்னரே வார்டுகளிலும் கடைகளிலும் கழிவுநீரிலும் பிறர் உருவாக்கி வைத்திருந்தார்கள். ஒரு டான்சில் சீட்டு அந்த மரணத்துக்கு நேர்க் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது. அதே காரணத்தால்தான் எந்தச் சீட்டும் தன்னைக் குற்றமற்றதாகக் கருதிக்கொள்கிறது. ஊரார் அனைவரும் சேர்ந்து ஏரியை நிரப்பிக் குப்பைமேடாக்கிய பின், ஒவ்வொருவரும் தாம் கொட்டியது ஒரு கூடைதான் என்று சொல்லும் கதை இது.

அந்தக் கூடைகளின் மொத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2019இல் இந்தியத் தனியார் துறையில் மட்டும் 507.1 கோடி நாளளவு ஆன்டிபயாட்டிக் நுகரப்பட்டதாக 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10.4 என்ற அந்த விகிதம் பல நாடுகளைவிடக் குறைவே. இதை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஆன்டிபயாட்டிக் கிடைக்காமல் இறப்போரும் உள்ளனர். சிக்கல், மருந்து எங்கே செல்கிறது என்பதில் இருக்கிறது. அந்த ஆண்டு மிகுதியாக நுகரப்பட்டது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம்; அடுத்தது செஃபிக்சைம் 200 மில்லிகிராம். இரண்டுமே உலக சுகாதார அமைப்பு 'கண்காணிப்பு' வகையில் வைத்துள்ளவை. அதாவது, மருந்தெதிர்ப்பைத் தூண்டும் ஆபத்து மிகுதி என்பதால் எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டியவை. டான்சில் சீட்டின் முதல் வரியில் வாடிக்கையாக அமரும் பெயர்களும் இவையே.

மருத்துவமனைகளின் உட்புறமும் வேறுபட்டதாக இல்லை. தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 20 உயர்நிலை மருத்துவமனைகளில் 9,652 நோயாளிகளிடம் நடத்திய கணக்கெடுப்பின்படி, 71.9 விழுக்காட்டினர் ஆன்டிபயாட்டிக் பெற்றுக்கொண்டிருந்தனர். அம்மருந்துகளுள் 55 விழுக்காடு தடுப்புக்காக எழுதப்பட்டவை. பாதிக்கு மேல் நோய்க்காக எழுதப்படவில்லை. நோய் வந்துவிடுமோ என்பதற்காக எழுதப்பட்டன. மருந்தெதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது மருந்துக்கடைக்காரரையும் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கும் ஏழையையும் சாடுவது கல்வியுலகின் வழக்கம். இந்தக் கணக்கெடுப்பு சுட்டுவதோ, பட்டம் பெற்றவர்கள் கையொப்பமிட்டு எழுதிய சீட்டுகளை.

மூன்றாவது மறுப்பை மருத்துவர்கள் மேடையில் சொல்வதில்லை. தேநீர் வேளையில் சொல்கிறார்கள். "ஏழாம் நாள் குழந்தைக்கு இரத்தம் வந்தால், ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். உறவினர் கூட்டம் வரும், வழக்கு வரும்." இந்த அச்சத்தை ஏளனம் செய்வது எளிது, முறையன்று. மருத்துவர்கள் தாக்கப்படும் நாடு இது. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், ஏற்கப்பட்ட மருத்துவ நடைமுறையைப் பின்பற்றியவரை, வேறொரு வழியும் இருந்தது என்பதற்காக மட்டும் அலட்சியம் செய்தவர் எனக் கருத முடியாது என்று தெளிவுபடுத்தியது. உலகின் முதன்மையான தொழில்முறை அமைப்பு வேண்டாம் என்று எழுதிவைத்துள்ள மருந்தை எழுதாமல் விடுவது ஏற்கப்பட்ட நடைமுறை இல்லையென்றால், வேறு எது ஏற்கப்பட்ட நடைமுறை? தனி மருத்துவர் தனியே நின்று இதைச் சொல்ல அஞ்சுவார் என்பது உண்மை. ஆகவே இதைச் சொல்ல வேண்டியது தொழில்முறைச் சங்கங்களும் மருத்துவக் கல்லூரித் துறைகளும்தான். ஒரு துறையின் எழுத்து வடிவ நெறி, அத்துறையின் கடைசி இளநிலை மருத்துவருக்கும் கேடயம். அதை எழுதித் தராமல் அவரை அச்சத்தோடு தனித்து விட்டவர்கள் அவருடைய ஆசிரியர்களே.

இந்த வழக்கத்தின் மிகப் பெரிய தீங்கை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அந்த முதல் வரி, செய்யப்படாத மூன்று வேலைகளை மூடி மறைக்கிறது.

முதலாவது வலி. டான்சில் அறுவைக்குப் பிந்தைய வலி ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கக்கூடியது, காதுக்கும் பரவுவது. வலித்தால் குழந்தை விழுங்காது, விழுங்காவிட்டால் நீரிழப்பு, நீரிழந்தால் காய்ச்சலும் சோர்வும். ஆன்டிபயாட்டிக்குக்கு நாள், வேளை, அளவு எல்லாம் எழுதும் கை, வலி நீக்கிக்கு "தேவைப்பட்டால்" என்று எழுதி முடித்துவிடுகிறது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், அல்லது இரண்டும் கொண்டு வலியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும், அறுவையின்போது ஒற்றை வேளை டெக்சாமெத்தசோன் தர வேண்டும் என்பதும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று சொன்ன அதே நெறியின் பரிந்துரைகள். வலி மருந்திலும் கவனம் வேண்டும் என்பதற்கு வரலாறு உண்டு: டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் பெற்ற சில குழந்தைகள் மூச்சு ஒடுங்கி இறந்ததால், 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன் மீது கடும் எச்சரிக்கை விதித்தது. மெய்யான ஆபத்தும் மெய்யான பலனும் வலி மருந்தில் இருக்க, கவனம் முழுவதும் வேறு பாட்டிலின் மீது இருக்கிறது.

இரண்டாவது பேச்சு. "தொண்டையில் வெள்ளையாகத் தெரியும், அது சீழ் இல்லை, உதிர்ந்துவிடும். வாய் நாறும், போய்விடும். தண்ணீர் குடிக்க வையுங்கள். சிவந்த இரத்தம் வந்தால், அளவு எதுவாயினும், உடனே வாருங்கள்." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இந்த ஒரு நிமிடத்துக்கு மாற்றாகவே அந்த மருந்து எழுதப்படுகிறது. எழுதினால் கேள்வி வராது. சொன்னால் கேள்வி வரும். மூன்றாம் இரவு கைபேசி விளக்கில் வெள்ளையைக் கண்டு நடுங்கும் தாய்க்கு, அந்த ஒரு நிமிடப் பேச்சு ஐந்து நாள் மருந்தைவிட அதிகம் உதவும்.

மூன்றாவது எண்ணிக்கை. இரத்தக்கசிவைத் தீர்மானிப்பது எது? இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004 ஆண்டுகளில் நடந்த தேசிய டான்சில் அறுவைத் தணிக்கை இதற்கு விடை தேடியது. வெப்பத்தால் அறுக்கும், கருக்கும் முறைகளில் இரத்தக்கசிவு மிகுதி என்றும், சாதாரண எஃகுக் கருவிகளால் செய்யப்படும் அறுவையில் குறைவு என்றும் அது கண்டது. அதாவது, அறுவையாளரின் கையும் கருவியும் கசிவின் அளவை மாற்றுகின்றன. ஒவ்வோர் அறுவையாளரும் தம் நோயாளிகளின் இரத்தக்கசிவு விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்க நெறி கூறுவது இதனால்தான். இந்தியத் துறைகளுள் எத்தனை தம் சுவரில் அந்த எண்ணை எழுதி வைத்துள்ளன? எண்ணைத் தேடினால் கருவியை மாற்ற வேண்டிவரலாம். கையின் பழக்கத்தை மாற்ற வேண்டிவரலாம். மருந்தெழுதுவது அதைவிட எளிது.

டான்சிலின் வரலாறே பழக்கம் அறிவாக வேடமிட்ட வரலாறுதான். 1934இல் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகள் 1,000 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு வெளிவந்தது. 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் பரிசோதித்து, 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேர் வேறு மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டனர். 99 பேருக்கு வேண்டும் என்று விடை வந்தது. மீந்த 116 பேர் மூன்றாம் முறை அனுப்பப்பட்டனர். 51 பேருக்கு வேண்டும் என்றனர். ஆயிரத்தில் 65 பேரே தப்பினர். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மருத்துவர்கள் பார்த்தது தொண்டையை அன்று, தம் பழக்கத்தை. தேவையற்ற அறுவையை அகற்றுவதற்கு அத்துறை பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. தேவையற்ற மருந்துக்கும் அவ்வளவு காலம் கொடுக்க நுண்ணுயிர்கள் காத்திருக்கப் போவதில்லை.

இது மருத்துவர்களின் உள்விவகாரம் என்று பிற துறையினர் ஒதுங்க முடியாது. இந்தியாவில் முதுநிலை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். நாடெங்கும் ஆண்டுதோறும் குவியும் அந்த ஆய்வேடுகளுள் எத்தனை, தம் சொந்த வார்டின் வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்துகின்றன? டான்சில் அறுவைக்குப் பின் ஆன்டிபயாட்டிக் பெற்றவர், பெறாதவர் என இரு பிரிவாகச் சமவாய்ப்பில் பிரித்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் பதினான்கு நாள் தொடர்ந்து பார்ப்பதற்குப் பெருநிதி வேண்டாம். அயல்நாட்டுக் கருவி வேண்டாம். ஒரு தொலைபேசியும் ஒரு பதிவேடும் போதும். ஒரே கல்லூரியின் எண்ணிக்கை இரத்தக்கசிவைப் பற்றி முடிவு சொல்லப் போதாது. பத்துக் கல்லூரிகள் ஒரே படிவத்தில் சேர்ந்தால் போதும். 2012 ஆகஸ்டில் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்தெதிர்ப்பை எதிர்கொள்ளச் 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கின. 2017இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. பிரகடனங்களுக்குக் குறைவில்லை. அவை வார்டின் டிஸ்சார்ஜ் சீட்டு வரை இறங்கி வந்தனவா என்பதே கேள்வி.

இறங்கி வருவதற்கு வழி இருக்கிறது. துறைத்தலைவர் ஒருவர் ஒரு பக்க நெறி எழுதிக் கையொப்பமிடலாம். மருந்தியல் துறை மாதம் ஒருமுறை அந்த வார்டின் சீட்டுகளைத் தணிக்கை செய்யலாம். தேர்வாளர், "என்ன ஆன்டிபயாட்டிக் கொடுப்பீர்கள்?" என்ற வழக்கமான வினாவை, "ஏன் கொடுப்பீர்கள்?" என்று மாற்றலாம். முதுநிலை மாணவர் அடுத்த முறை சீட்டெழுதும்போது, மூத்தவரிடம் மரியாதையோடு காரணம் கேட்கலாம். "எப்போதும் கொடுப்பதுதான்" என்று விடை வந்தால், அது காரணம் இல்லை என்பதை இருவரும் அறிவார்கள்.

முதல் வரியை அடித்தால் சீட்டு வெறுமையாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அந்த இடத்தில் எழுத வேறு வரிகள் உள்ளன. வலி மருந்து: எடைக்கேற்ற அளவு, குறித்த மணிக்கு, குறித்த நாள் வரை. தண்ணீர்: விழித்திருக்கும் நேரமெல்லாம், சிறுகச் சிறுக. வெள்ளைப் படலம்: இயல்பானது, தொட வேண்டாம். சிவந்த இரத்தம்: இரவாயினும் பகலாயினும் உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும். இந்த நான்கு வரிகளையும் எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லி அனுப்பும் மருத்துவரிடம், ஆன்டிபயாட்டிக் ஏன் இல்லை என்று எந்தத் தாயேனும் கேட்டால், அவரிடம் சொல்வதற்கு விடை இருக்கும். இன்று எழுதப்படும் வரிக்கு அந்த விடை இல்லை.